கேக்கை விடுங்கள், குழம்பைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். எங்கள் வீட்டில் பொன்னி என்று ஒரு பெண் பூனை. மூன்று வயது, மூன்றரைக் கிலோ எடை. போன வாரம் பையன் பிறந்தநாளுக்கு வாங்கிய சாக்லேட் கேக்கில், யாரும் பார்க்காத நேரத்தில் ஏறி மேலே இருந்த கிரீமை நக்கிவிட்டது. ஒரு துண்டின் மேல் பாதி கிரீம் காணோம். அன்று ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தது. பூனைக்கு சாக்லேட் விஷம் என்று பையன் போனில் படித்துவிட்டு ஒரே அழுகை. உப்பைக் கரைத்து ஊற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குப் பயமாக இருந்ததால் ஊற்றவில்லை. மறுநாளே வாந்தி நின்றுவிட்டது. ஆனால் கொஞ்ச நாளாகவே சரியாகச் சாப்பிடாமல் சுருண்டு சுருண்டு படுக்கிறது. கொட்டாவி விடும்போது பார்த்தால் வாய்க்குள் வெளுத்தாற்போல் தெரிகிறது. சாக்லேட் விஷம் இன்னும் உடம்பில் இருக்குமா? கடையில் விற்கும் பூனைத் தீனி எதுவும் நாங்கள் வாங்குவதில்லை. இரண்டு வேளையும் நாங்கள் சாப்பிடும் மீன்குழம்பு சோறுதான். மீன் எடுக்காத நாளில் சாம்பார் சோறு, ரசம் சோறு எது பிசைந்து வைத்தாலும் சாப்பிட்டுவிடும். "எங்க காலத்துல இதைத்தானே போட்டோம், எந்தப் பூனைக்கு என்ன ஆச்சு" என்கிறார் என் மாமியார். பூனைக்கு எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று விவரமாக எழுதுங்கள்.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படித்து முடித்ததும் பொன்னியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இன்று முடியாவிட்டால் நாளைக் காலையில். கேக்கைப் பற்றித்தான் கடிதம் முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது "வாய்க்குள் வெளுத்தாற்போல்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதும், அதற்கடுத்து வரும் மீன்குழம்பு சோறும்தான்.

உப்புத் தண்ணீர் ஊற்றாமல் விட்டது மிக நல்ல காரியம். மூன்றரைக் கிலோ உடம்பில் இரண்டு ஸ்பூன் உப்பு போனால், சாக்லேட் செய்யாத கெடுதலை அந்த உப்பு செய்துவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை பாதித்து, வலிப்பு வரை போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று இணையத்தில் சிலர் சொல்கிறார்கள். நாய்க்குச் சொல்லும் முறை அது. பூனைக்குக் கொடுத்தால் இரைப்பை வெந்து ரத்த வாந்தி வரும். தொண்டைக்குள் விரலை விடுவதும் கூடாது. பூனையை வீட்டில் வைத்து வாந்தி எடுக்க வைக்கப் பாதுகாப்பான வழி ஒன்றுமே கிடையாது. மருத்துவமனையில் அதற்கென்று ஊசி இருக்கிறது. சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் போனால்தான் அது பயன்படும்.

இனி சாக்லேட். அதில் தியோபுரோமின், காஃபீன் என்று இரண்டு பொருள்கள் உண்டு. நம் உடம்பு சில மணி நேரத்தில் தியோபுரோமினைக் கழித்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் அது மெதுவாகத்தான் கழியும். அதற்குள் இதயமும் நரம்பும் தூண்டப்பட்டுவிடும். எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமல் அலைவது எல்லாம் தொடங்கும். 40, 50 ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60க்கு மேல் வலிப்பு வரலாம். பொன்னியின் எடைக்கு 70 மில்லிகிராம்தான் முதல் எல்லை.

எந்த சாக்லேட் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். பால் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கிறது. பொன்னி 35 கிராம் தின்றால்தான் அந்த எல்லையைத் தொடும். டார்க் சாக்லேட்டில் 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும். 14 கிராம், அதாவது இரண்டு மூன்று கட்டியே போதும். மிக மோசமானது கேக் செய்ய வாங்கும் இனிப்பில்லாத கோகோ பவுடர். கிராமுக்கு 20 மில்லிகிராமுக்கும் மேல். ஒன்றரை டீஸ்பூன் போதும் பொன்னிக்கு ஆபத்து வர. வெள்ளை சாக்லேட்டில் தியோபுரோமின் இல்லை என்றே சொல்லலாம், கொழுப்பும் சர்க்கரையும்தான்.

பேக்கரி கேக்கின் மேல் பூசும் கிரீமில் பெரும்பங்கு வனஸ்பதி மாதிரியான கொழுப்பும் சர்க்கரையும். அரைத் துண்டின் கிரீம் 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு கோகோ என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் 50 மில்லிகிராம்தான் தேறும். அன்று ராத்திரி வந்த வாந்தி அந்தக் கொழுப்பு ஒத்துக்கொள்ளாமல் வந்திருக்கும். சாக்லேட் விஷம் என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் துள்ளல், நடுக்கம், வேகமான மூச்சு என்று தெரிய ஆரம்பித்து, அதிகம் போனால் மூன்று நாளில் அடங்கிவிடும். ஒரு வாரம் கழித்துச் சுருண்டு படுக்க வைக்காது. பையனைக் கூப்பிட்டு, அவன் பிறந்தநாள் கேக்கால் பொன்னிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இதை மனதில் வைத்துக்கொண்டு வெகுநாள் வருந்துவார்கள்.

ஒரு விஷயம் பையனுக்கு வியப்பாக இருக்கும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணர நாக்கில் இருக்க வேண்டிய ஏற்பியை உண்டாக்கும் மரபணு பூனை இனத்தில் பழுதாகிவிட்டது. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் ஆய்வு மையத்தார் இதை 2005இல் கண்டுபிடித்து எழுதினார்கள். அப்படியானால் பொன்னி ஏன் கேக்கில் ஏறியது? கொழுப்பின் வாசனைக்குத்தான். சாக்லேட் கட்டியை மோந்துவிட்டுப் போய்விடுகிற பூனைகூட வெண்ணெயோ கிரீமோ கலந்த சாக்லேட்டை விடாது. கேக், சாக்லேட் ஐஸ்கிரீம், கிரீம் பிஸ்கட், இவற்றைத்தான் மூடி வைக்க வேண்டும். காப்பி டிகாஷன், பில்டரில் மிஞ்சிய சக்கை, டீத்தூள் இவற்றிலும் காஃபீன் உண்டு. குப்பைக்கூடைக்கு மூடி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போது குழம்புக்கு வருகிறேன்.

நம் ஊரில் நாலு பேருக்கு மீன்குழம்பு வைத்தால் சின்ன வெங்காயம் பதினைந்து இருபதாவது போகும், ஒரு கைப்பிடி பூண்டு போகும். சாம்பாரில் வெங்காயம், ரசத்தில் பூண்டு. பூனைக்கு நம் அடுக்களையில் இவற்றைவிடப் பெரிய எதிரி இல்லை. ஒரு நாள் நக்கிய சாக்லேட்டுக்குப் பதறுகிற வீடுகளில், இரண்டு வேளையும் இந்தக் குழம்பைப் பிசைந்து வைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாசத்தோடுதான் வைக்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன. பூனையின் ஹீமோகுளோபினில் இந்தத் தாக்குதலுக்கு இலக்காகும் இடங்கள் எட்டு. நாய்க்கு நான்கு, நமக்கு இரண்டு. நாம் அனுபவித்துச் சாப்பிடுகிற அதே பூண்டு பூனையின் ரத்தத்தை உடைப்பதற்கு இது முக்கியமான காரணம். தாக்கப்பட்ட ஹீமோகுளோபின் திரிந்துபோய் அணுவின் ஓரத்தில் ஒரு சிறு மொட்டுப் போல ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, நீலச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு சிவப்பணுவின் விளிம்பிலும் கருநீலப் புள்ளி ஒன்று துருத்திக்கொண்டு நிற்பது தெளிவாகத் தெரியும். ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1890இல் விவரித்ததால் ஹைன்ஸ் துகள் என்று அதற்குப் பெயர். அப்படி மொட்டு விட்ட அணுக்கள் எளிதில் உடையும். மண்ணீரலும் அவற்றைப் பிடித்து அழித்துவிடும். பூனையின் சிவப்பணுவுக்கு ஆயுளே 70 நாள் அளவில்தான். நம்முடையது 120 நாள் இருக்கும். ஏற்கெனவே குறைந்த ஆயுள் உள்ள அணுவைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே வந்தால், எலும்பு மஜ்ஜை எவ்வளவுதான் ஈடுகொடுக்கும்?

அளவு என்று கேட்டால், எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே பூனையின் ரத்தத்தில் மாற்றம் தெரியும். பொன்னிக்கு 17, 18 கிராம். மூன்று சின்ன வெங்காயம். பூண்டு அதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியம் என்று சொல்கிறார்கள். ஒரே வேளையில் இவ்வளவு போனால்தான் கெடுதல் என்றும் இல்லை. தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டி குழம்பு என்று மாதக்கணக்கில் போனாலும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

"வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தானே போடுகிறேன்" என்று பலர் சொல்வார்கள். பொறுக்குவதால் பயன் இல்லை, சாறு முழுக்கக் குழம்பில்தான் இருக்கிறது. வேக வைத்தாலும் வதக்கினாலும் பொரித்தாலும் காய வைத்துப் பொடித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. பொடியில் இன்னும் செறிவாக இருக்கும். நூடுல்ஸ் மசாலா, சூப் பவுடர், பாக்கெட் சிப்ஸ், சிக்கன் பொரிக்கும் மசாலா எல்லாவற்றிலும் வெங்காயப் பொடியோ பூண்டுப் பொடியோ உண்டு. அமெரிக்காவில் உடம்பு சரியில்லாத பூனைகளுக்குப் பசி எடுக்கட்டும் என்று புட்டியில் அடைத்த குழந்தை உணவைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதில் கலந்திருந்த வெங்காயப் பொடியே பூனைகளின் ரத்தத்தில் ஹைன்ஸ் துகள்களை உண்டாக்குவதை 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. ருசிக்காகச் சேர்க்கும் ஒரு சிட்டிகைப் பொடிக்கே அப்படி என்றால் நம் குழம்பை நினைத்துப் பாருங்கள்.

பொன்னிக்கு இதுதான் நடந்திருக்கிறது என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு கட்ட முடியாது. பூனை வெளுத்துப் போக வேறு காரணங்களும் உண்டு. உடம்பு நிறையத் தெள்ளுப்பூச்சி இருந்து ரத்தம் குடித்திருக்கலாம். வயிற்றில் கொக்கிப்புழு இருக்கலாம். சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை நுண்ணுயிரும், பூனை லுகீமியா வைரஸும் இதே போல வெளுக்க வைக்கும். மருத்துவரிடம் போனதும் குழம்பு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலும் "என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்டால் "வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். வெங்காயம், பூண்டு என்று வாய்விட்டுச் சொன்னால், மருத்துவர் ரத்தத் தகட்டில் ஹைன்ஸ் துகள் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார். பிசிவி என்று ஒரு எண் சொல்வார்கள். ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. பூனைக்கு 30 முதல் 45 வரை இருக்க வேண்டும்.

போகும் முன் வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள். மடியில் வைத்துத் தாடையைத் தடவிக்கொடுத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்குங்கள். கோரைப் பல்லுக்கு மேலே உள்ள ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கும் பூனை என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். ஈறு சுண்ணாம்பு நிறத்திலோ, மஞ்சளாகவோ, காப்பி நிறத்திலோ இருந்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் வந்தாலும் அப்படியே. தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும்.

வெங்காயம்தான் காரணம் என்று தெரிந்து, ரத்தம் ரொம்பவும் குறையாமல் இருந்தால், குழம்பை நிறுத்துவதுதான் பாதி வைத்தியம். மஜ்ஜை புது அணுக்களை உண்டாக்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் ஈறு நிறம் தேறும், விளையாட்டும் திரும்பும். மிகவும் குறைந்திருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். பூனைக்கும் ரத்தப் பிரிவு உண்டு. ஏ, பி, ஏபி என்று மூன்று. பொருந்தாத ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பெரிய மருத்துவமனைகளில்தான் இது முடியும். உங்களுக்கு அருகில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்கு வர வேண்டியிருந்தால் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. உள்ளூர் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போனால் அங்கே வேலை சுலபமாகும்.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட மாட்டேன். அந்தக் காலத்துப் பூனைக்குச் சோறு ஒரு பக்கச் சாப்பாடுதான். மீன் அரியும் இடத்தில் தலையும் குடலும் கிடைக்கும். ராத்திரி எலி, பகலில் ஓணான், அணில், குருவி. பூனைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. வீட்டில் வைத்த குழம்புச் சோற்றைப் பாதிதான் தின்றிருக்கும். உடம்பு சரியில்லாத பூனை எங்காவது ஒதுக்குப்புறமாகப் போய் ஒடுங்கிக்கொள்ளும். சில நாள் காணோம் என்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். என்ன நோய் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. பொன்னி வீட்டுக்குள்ளேயே வளர்கிறது என்றால் அதன் உடம்புக்கு வருவது முழுக்க நீங்கள் வைக்கும் தட்டிலிருந்துதான். அந்த வித்தியாசத்தை அவரிடம் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

சோறு பிசைந்து போடுவதில் இன்னொரு குறையும் இருக்கிறது. டாரின் என்ற சத்தை நாய் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். பூனையால் போதுமான அளவு செய்ய முடியாது. இறைச்சியிலும் மீனிலும் கிடைத்தால்தான் உண்டு. டாரின் இல்லாமல் பூனைக்குக் கண் பார்வை போவதை 1975இல் கண்டறிந்தார்கள். இதயத் தசை தளர்ந்து வீங்குவதற்கும் அதே குறைதான் காரணம் என்பது 1987இல் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பூனைத் தீனி செய்யும் கம்பெனிகள் டாரினை அதிகம் சேர்க்க ஆரம்பித்தன. சாம்பார் சோற்றிலும் தயிர்ச் சோற்றிலும் அது இல்லை. சைவ வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். வீட்டில் கறி மீன் சமைக்க மாட்டோம் என்றால் அதில் தவறில்லை. ஆனால் பூனைக்குக் கடைத் தீனியாவது வாங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, மீனை எப்படிக் கொடுப்பது? குழம்பு கூட்டும் முன்பே, மீனைக் கழுவியதும் பொன்னிக்கு வேண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். உப்பு, புளி, மிளகாய், மஞ்சள் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேக வைத்து, முள்ளை ஆய்ந்து, அந்த வெந்த தண்ணீரோடு கொஞ்சம் சோறு பிசைந்து வையுங்கள். கோழிக்கறியும் அப்படியே. சோறு கால் பங்குக்கு மேல் வேண்டாம். தட்டில் பாதியாவது முழுச் சத்துணவு என்று அச்சிட்ட பூனைத் தீனியாக இருந்தால் டாரின், வைட்டமின் கவலை இல்லை. குழம்பின் ருசிக்குப் பழகிய நாக்கு இரண்டு நாள் முகத்தைத் திருப்பும். சூடாக வைத்தால் வாசனைக்கு வரும். புதுத் தீனிக்குப் படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொல்வோம். குழம்புக்கு அந்தச் சலுகை கிடையாது, இன்றே நிறுத்துங்கள். அதே நேரம் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தொடாவிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பச்சை மீனைத் தினமும் போடாதீர்கள். சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது, வேக வைத்தால் அது போய்விடும். மத்தி, சூரை மாதிரி எண்ணெய் நிறைந்த மீனையே தினமும் கொடுத்தாலும் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி, தொட்டாலே பூனை அலறும். வாரத்தில் சில நாள் கோழி கொடுத்தால் இந்தப் பிரச்சினை வராது. கருவாடு பூனைக்கு உயிர் என்று எனக்கும் தெரியும், ஆனால் அது உப்பில் ஊறியது. வயதான பூனைக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அதற்குக் கருவாடு வேண்டவே வேண்டாம். வேக வைத்த கோழி எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஈரல் நல்லதுதான் என்றாலும் வாரத்துக்கு ஒரு துண்டு போதும். தினமும் ஈரலே தின்று வளர்ந்த பூனைக்கு வைட்டமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் போகும்.

பால் விஷமில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, பேதியாகும். குடித்தும் பேதியாகவில்லை என்றால் இரண்டு ஸ்பூன் கொடுப்பதில் தவறில்லை. தண்ணீருக்குப் பதிலாகப் பால் என்பது மட்டும் கூடாது.

திராட்சை, கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சை இரண்டும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்க நச்சு ஆலோசனை மருத்துவர்கள் எழுதினார்கள். நம் புளியிலும் அதே அமிலம் நிறைய இருக்கிறது. பூனை இவற்றை விரும்பித் தேடாது என்றாலும், நான் என் பொறுப்பில் உள்ள எந்தப் பூனைக்கும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். மீன்குழம்பைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

சாப்பாடு இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பொன்னி சோர்ந்து படுத்திருப்பதைப் பார்த்து, காய்ச்சலாக இருக்குமோ என்று யாராவது பாரசிட்டமால் கொடுக்கச் சொல்வார்கள். டோலோ, குரோசின், கால்பால் எந்தப் பெயரில் வந்தாலும் அது பாரசிட்டமால்தான். அந்த மருந்தைக் கழித்து வெளியேற்ற வேண்டிய நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. கால் மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். அதுவும் வெங்காயம் போலவே ஹீமோகுளோபினைத் தாக்கும். ஆனால் சில மணி நேரத்திலேயே ஈறு காப்பி நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கிவிடும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பூனை அதைத் தாங்கவே தாங்காது. குழந்தைகளுக்கான சிரப்பும் இதில் சேர்த்திதான். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

பிறந்தநாள் வீடு என்பதால் இன்னும் இரண்டு சொல்கிறேன். பரிசாக வரும் பூங்கொத்தில் லில்லிப் பூ இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். கேக் பெட்டியில் கட்டி வரும் ரிப்பன், பலூன் நூல், பூச்சரத்து நார் இவற்றைப் பூனை விழுங்கினால் குடல் சுருங்கி மடிந்துபோகும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இனி ஒருமுறை ஏதாவது தின்றுவிட்டால், என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பூனையின் எடை என்ன என்ற நாலும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். சாக்லேட் என்றால் காகிதத்தை எடுத்துப் போங்கள், கோகோ சதவீதம் அதில் அச்சிட்டிருக்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் போனால் வாந்தி எடுக்க வைத்து, கரித்தூள் கொடுத்து, டிரிப்ஸ் ஏற்றி முடித்துவிடுவார்கள். சிறுநீர்ப்பையில் தேங்கும் தியோபுரோமின் மறுபடி ரத்தத்துக்குள் போகும் என்பதால், சிறுநீர் அடிக்கடி வெளியேறும்படி பார்த்துக்கொள்வார்கள்.

நாளை பொன்னியைக் கொண்டுபோகும்போது பையில் திணிக்காமல், மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்துப் படுக்க வையுங்கள். ரத்தம் குறைந்த பூனை பயந்து திமிறினால் மூச்சு வாங்கிவிடும். மருத்துவர் பார்க்கும் வரை இரும்புச்சத்து டானிக் எதுவும் கொடுக்க வேண்டாம். அணுக்கள் உடைந்து வருகிற ரத்தசோகையில் இரும்பு உடம்புக்குள்ளேயேதான் இருக்கும். நமக்கான டானிக்கில் உள்ள அளவு அதன் வயிற்றைப் புண்ணாக்கும். பிசிவி 20க்குக் கீழே இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ, வீட்டுக்குத் திரும்பாமல் அங்கிருந்தே ஒரத்தநாட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். 20க்கு மேல் இருந்து நன்றாகச் சாப்பிட்டால், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை ரத்தம் பாருங்கள். இரண்டு முடிவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.